அனர்த்தச் செய்திக்கு அனுசரணை

2004 டிசம்பர் 26 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கடல் எமது கிழக்குக் கரைக்குள் புகுந்தபோது சிட்னியில் பிற்பகல். அன்று மாலை தொடக்கம் இங்குள்ள தமிழ் வீடுகளில் வானொலி ஓயவில்லை. கல்லடி, நாவலடி, கல்முனை, மருதமுனை, முல்லைத்தீவு, மருதங்கேணி என்று ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. ஆட்களின் பெயர்கள் பிந்தித்தான் வந்தன. சனம் காத்திருந்தது அந்தப் பெயர்களுக்காக.

அக்காலத்தில் நான் ஒரு சிறிய தமிழ் ஒலிபரப்பில் தொண்டனாக இருந்தேன். சமூக வானொலி நிலையம் ஒன்றில் நேரம் எடுத்து நடத்தப்பட்ட நிகழ்ச்சி அது. ஊரில் பொருளியல் விரிவுரையாளன். இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவன். வானொலிக்கு அனுசரணை சேர்ப்பது எனக்குத் தரப்பட்ட பொறுப்பு. மறுநாள் ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஏறி இறங்கினேன். விசேட ஒலிபரப்புக்கு மேலதிக நேரம் எடுக்கவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். வழமையில் பத்து டொலருக்குப் பேரம் பேசுகிற ஒருவர் அன்று நான் கேளாமலே இருமடங்கு தருவதாகச் சொன்னார். அவர் தொலைபேசி அட்டை விற்பவர்.

"சேர், பேர் வாசிக்கிறதுக்கு முன்னாலை போடுங்கோ. பின்னாலை வேண்டாம்" என்றார்.

ஒப்புக்கொண்டேன். பெயருக்காகக் காத்திருப்பவர் வானொலியை நிறுத்தமாட்டார். பட்டியல் முடிந்ததும் எழுந்து தொலைபேசியிடம் போய்விடுவார். இது அவருக்கு உடனே விளங்கியிருந்தது. பல வருடம் பொருளியல் படிப்பித்த எனக்கு விளங்க இரண்டு கிழமை சென்றது.

இவ்விடயத்தில் இந்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். எம்மவரில் பலர் விளம்பரத்தையும் அனுசரணையையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். 1992 ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சேவைகள் சட்டப்படி சமூக வானொலி விளம்பரம் செய்ய முடியாது. அனுசரணை அறிவித்தல் செய்யலாம். அதுவும் ஒரு மணித்தியாலத்தில் 5 நிமிடத்துக்கு மேற்படாமல், இன்னார் எமக்கு ஆதரவு தருகிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்லி. எஸ்.பி.எஸ். அரச நிறுவனமாயினும் அளவோடு விளம்பரம் எடுக்கலாம். ஏ.பி.சி. எடுக்கவே முடியாது. குறிப்பிட்ட ஒரு வட்டத்தினருக்கென உரிமம் பெற்ற ஒலிபரப்புகளுக்கு இந்த 5 நிமிட வரையறை இல்லை. சமூக வானொலிக்காரர் தமக்கென வகுத்த ஒழுக்கக் கோவையில் இன்னொன்றும் உண்டு: பணம் தருபவர் நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தில் செல்வாக்குச் செலுத்தலாகாது. ஆனால் பெயர்ப் பட்டியலுக்கு முந்திய அரை நிமிடத்தை இருமடங்கு விலைக்கு விற்கலாமா என்பதற்கு இவற்றில் நேரடியான விடை இல்லை. நான் விற்றதில் சட்டமீறல் எதுவும் இருக்கவில்லை.

பணம் வாங்கியதே பிழை என்று சிலர் அப்போது சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. எங்கள் கோவில்களில் திருவிழா உபயகாரரின் பெயர் சொல்லப்படுகிறது. குழல்விளக்கில் உபயம் என்று எழுதி வெளிச்சத்தையே பாதி மறைத்துவிடுகிறோம், அது வேறு கதை. இலங்கை வானொலி 1950 இல் வர்த்தக சேவையைத் தொடங்கியது. ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கிய பினாக்கா கீத்மாலாவை 1952 முதல் இந்தியா முழுவதும் கேட்டது அந்த வானொலியில்தான். எமக்கு இன்னும் நெருக்கமானது மரண அறிவித்தல். காசு கட்டித்தான் அதை வாசிப்பித்தோம். ஊரில் வானொலி உள்ள வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறோம். யாரும் அதை மரண வியாபாரம் என்று சொன்னதில்லை. ஏனெனில் காசு கட்டியவர் இழவு வீட்டுக்காரர். வாங்கியது, தன் செய்தி உறவினர் காதுக்குப் போவதை. கட்டணமும் ஊருக்குத் தெரிந்த கட்டணம். இறந்தவர் பெரியவர் என்பதற்காகவோ, கேட்க வருபவர் அதிகம் என்பதற்காகவோ அன்று விலை ஏறுவதில்லை.

நான் விற்றது வேறு. அந்த அட்டைக்காரருக்குச் சொல்ல வேண்டிய மரணம் எதுவும் இல்லை. அவர் வாங்கியது, எழுந்து போக முடியாமல் இருந்த கேட்பவரின் நிலையை. அந்த நிலையைக் கடல் உண்டாக்கியது, நான் விலை பேசினேன்.

பெரிய நிறுவனங்கள் அனர்த்தத்தின்போது பொதுவாக விலகி நிற்கும். 2001 செப்டெம்பர் 11 இன் பின் அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி வலையமைப்புகள் சில நாட்கள் விளம்பரமின்றியே செய்தி ஒளிபரப்பின. அதில் துக்கமும் இருந்தது, இடிந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் தமது பொருளைக் காட்ட விரும்பாத விளம்பரதாரரின் தயக்கமும் இருந்தது. எமது சிறிய வட்டத்தில் நடப்பது நேர்மாறு. அனர்த்தம் எந்தப் பொருளைத் தேவைப்படுத்துகிறதோ அந்தப் பொருளுடையவர் கிட்ட வருவார்: தொலைபேசி அட்டை, விமானச் சீட்டு, பணம் அனுப்பும் சேவை. அவர்களை நான் திட்டவில்லை. அட்டை இல்லாமல் அன்று ஊரோடு கதைக்க வழியில்லாதவர்கள் இருந்தார்கள். அந்த அறிவித்தலைக் கேட்டு அட்டை வாங்கி, தங்கையின் குரலைக் கேட்டவரை எனக்குத் தெரியும்.

ஆனால் நான்காம் நாள் கலையகத்துக்கு ஒரு பெண் தொலைபேசி எடுத்தார். தொடர்பு கிடைத்து, கிடைத்து அறுந்ததில், ஒவ்வொரு முறையும் இணைப்புக் கட்டணம் வெட்டுப்பட்டு அட்டை முடிந்துவிட்டதாம். "உங்கட ரேடியோவிலை சொன்னபடியால்தான் நம்பி வாங்கினனான்" என்றார். இதை அன்றிரவே ஒலிபரப்பில் சொல்லியிருக்க வேண்டும்: இணைப்புக் கட்டணம் உள்ள அட்டையை இப்போது பாவிக்காதீர்கள் என்று ஒரே ஒரு வசனம். அந்த வேளையில் அதைவிடப் பயனுள்ள செய்தி எங்களிடம் இருக்கவில்லை. சொல்லவில்லை. குழுவில் ஒருவரும் சொல்லக்கூடாது என்று தடுக்கவுமில்லை. அனுசரணை இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களில் நானும் ஒருவன்.

1999 இல் இதே சிட்னியில் 2யூஈ வானொலியின் ஜோன் லோஸ் வங்கிகளின் சங்கத்திடம் பணம் பெற்று, அதுவரை வங்கிகளைத் தாக்கி வந்தவர் தொனியை மாற்றியதை ஏ.பி.சி.யின் மீடியா வோச் நிகழ்ச்சி வெளிக்கொணர்ந்தது. விசாரணை நடந்தது. 2000 இல் இத்தகைய ஒப்பந்தங்களைக் கேட்பவருக்குச் சொல்லவேண்டும் என்ற விதி வந்தது. அவர் பெற்ற தொகை எங்கே, நாங்கள் பெற்றது எங்கே என்று நண்பர்கள் சிரிப்பார்கள். தொகை வேறுதான். ஆயினும் அவருடைய கேட்பவருக்கு வேறு நிலையங்கள் இருந்தன. அந்த நாட்களில் நாவலடிச் செய்தியைத் தமிழில் தேடியவருக்கு எத்தனை இடம் இருந்தது?

அனுசரணை இல்லாவிட்டால் ஒலிபரப்பே இல்லை, பேசாமல் இருப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏ.பி.சி.க்கு வரிப்பணம் இருக்கிறது. எங்களுக்கு நேரக் கட்டணச் சிட்டை வருகிறது. ஆகவே வழமையான அனுசரணை தொடரட்டும். ஆனால் அனர்த்த நாளில் புதிதாக எவரிடமும் போகக்கூடாது. தானாக வருபவரிடமும் கூட்டிய விலை வாங்கக்கூடாது. பெயர்ப் பட்டியலுக்கு முன்னும் பின்னும் கடைப்பெயர் வரவே கூடாது. அனர்த்தம் தேவைப்படுத்தும் பொருளை விற்பவர் ஏற்கெனவே அனுசரணையாளராக இருந்தால், அவரது அறிவித்தலை அந்நாட்களில் நிறுத்திவைத்துப் பின்னர் ஈடுசெய்யலாம். மேலதிக நேரத்துக்கான செலவைக் கேட்பவரிடமே கேட்கலாம். அன்று எவரும் இல்லை என்றிருக்கமாட்டார்கள். நிவாரணத்துக்கு அள்ளிக் கொடுத்த அதே சனம்தான்.

அந்த இருமடங்குப் பணத்தில் மேலதிகமாக வந்த பாதியை நிவாரண நிதியில் சேர்ப்போம் என்று பின்னர் நான் குழுவில் கேட்டேன். அது ஏற்கெனவே நேரக் கட்டணத்தில் போய்விட்டிருந்தது. பொருளாளர் கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டினார். டிசம்பர் மாதப் பக்கத்தில் "விசேட அனுசரணை" என்று எழுதியிருந்தது, என் கையெழுத்தில்.