எட்டு மாதப் பயிற்சியும் எழுதாத அடிமைச் சீட்டும்

1922-ஆம் ஆண்டு. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் பிழைப்புக்கு வழி தேடிக் கல்கத்தாவுக்குப் போனார்கள். சொந்த ஊரோ மானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் வயிறும் பொய்க்கும். கல்கத்தாவில் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கையால் செய்து பழகினார்கள். எட்டு மாதத்தில் ஊர் திரும்பினார்கள். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. வெளிநாட்டுத் தீப்பெட்டிகள் மீது அரசு அப்போதுதான் இறக்குமதி வரியை உயர்த்தியிருந்தது, அதுவும் கைகொடுத்தது.

சிவகாசியில் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்வார்கள். சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் அதில் வரும் ‘எட்டு மாதம்’ என்ற விவரத்தில் சற்று நின்று போக வேண்டும். தொழில் பழக, அதுவும் முதலாளியாகும் அளவுக்குப் பழக, அவர்களுக்கு எட்டு மாதம் போதுமானதாக இருந்தது. அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளில் அதே தொழிலுக்குள் பால்பல் விழாத வயதில் நுழைந்த பிள்ளைகள் ஏராளம். அவர்கள் பல ஆண்டுகள் வேலை பார்த்தார்கள். வெளியே வந்தபோது கையில் தொழிலும் இல்லை, படிப்பும் இல்லை.

தொழில் பழகுவதற்கும் முன்பணத்துக்கு அடமானம் போவதற்கும் உள்ள இந்த வேறுபாடு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டப் புத்தகங்களிலிருந்தே தொடங்குகிறது.

கல்கத்தா காட்டிய இரண்டு வழிகள்

அந்த இளைஞர்கள் போய் இறங்கிய கல்கத்தா, 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய துறைமுகம். மொரீஷியஸ், கயானா, டிரினிடாட், ஃபிஜி என்று கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் அங்கிருந்து போனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழர்களும் தெலுங்கர்களும் போனார்கள். கைநாட்டு வைத்தால் பெரும்பாலும் ஐந்தாண்டு கட்டு. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1917-இல் அந்தக் கப்பல்கள் நின்றன. 1920-இல் ஃபிஜியில் எஞ்சியிருந்தவர்களின் ஒப்பந்தங்களும் ரத்தாயின.

கப்பல் ஏறாதவர்களுக்கும் கட்டு இருந்தது. 1850-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் இருக்கும் பிள்ளையைத் தகப்பனோ காப்பாளரோ தொழில் தெரிந்த ஓர் எஜமானனிடம் அதிகபட்சம் ஏழு ஆண்டு ஒப்படைக்கலாம். அநாதைப் பிள்ளைகளும் தர்ம நிதியில் வளர்ந்த பிள்ளைகளும் தொழில் கற்று நிமிரட்டும் என்பது அதன் நோக்கம். அதில் ஒரு நேர்மை இருந்தது: கற்றுக்கொடுக்க வேண்டிய கடமை எஜமானனுக்கு உண்டு, கட்டுக்கு ஒரு முடிவும் உண்டு.

1859-இல் வந்த சட்டத்தில் அந்த நேர்மை இல்லை. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்காக இயற்றப்பட்டது அது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் பணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது வேலையை முடிக்க வேண்டும். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. கடன் தகராறு ஒரே அடியில் குற்ற வழக்காயிற்று. இந்தச் சட்டம் பிறகு மற்ற பகுதிகளுக்கும் பரவி, 1925-இல்தான் நீக்கப்பட்டது. சிவகாசி இளைஞர்கள் கல்கத்தாவில் தொழில் பழகியபோது அது உயிரோடுதான் இருந்தது.

கரிசல் காட்டுக்குத் தெரிந்த முன்பணம்

முன்பணம் என்ற கயிறு கரிசல் சீமைக்குப் புதிதல்ல. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப் போன கங்காணிகள் அந்தக் கயிற்றைத்தான் வீசினார்கள். வழிச்செலவும் வீட்டுக்குக் கொடுத்த ரூபாயும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். அவர் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய துரை அந்தக் கடனை அடைத்தால்தான் ஆள் நகர முடியும். மனிதரின் விலையை ஒரு காகிதத் துண்டு சொன்னது. 1921-இல் இலங்கை அரசு அந்த முறையைத் தடை செய்தது.

இந்தியாவுக்குள் பிள்ளைகளை அடகு வைக்கும் வழக்கம் 1931-இல் அம்பலமானது. விட்லி ஆணையம் என்று அறியப்படும் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம், அமிர்தசரஸ் கம்பளப் பட்டறைகளிலும் சென்னை மாகாணத்துப் பீடித் தொழிலிலும் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் உழைப்பை ஈடு வைப்பதைப் பதிவு செய்தது. அதன் விளைவு 1933-ஆம் ஆண்டின் குழந்தைகள் உழைப்பு அடமானச் சட்டம். பதினைந்து வயது நிரம்பாத பிள்ளையின் உழைப்பை ஈடுவைக்கும் ஒப்பந்தம் செல்லாது. மீறிய பெற்றோருக்கு 50 ரூபாய் வரை, முதலாளிக்கு 200 ரூபாய் வரை அபராதம்.

1938-இல் இன்னொரு சட்டம் வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாத தொழில்களின் பட்டியலில் தீப்பெட்டியும் இருந்தது, பட்டாசும் இருந்தது. ஆனால் குடும்பத்தார் மட்டும் சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கு. அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் தீப்பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குள் நுழைந்து, பிள்ளைகளின் மடியில் உட்கார்ந்தது.

ஆபீசுக்குப் போன பிள்ளைகள்

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’, ‘பட்டாசு ஆபீஸ்’ என்பார்கள். விடியும் முன்னே கம்பெனி பஸ் கிராமத்துக்கு வரும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். மரச்சட்டத்தில் வரிசை வரிசையாகக் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது அவர்கள் வேலை. கூலி எண்ணிக்கைக்கு. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பெற்றோர் ஏஜெண்டிடம் வாங்கிய அட்வான்ஸ் அந்தக் கூலியில் கழியும். கழிந்து தீருமுன் அடுத்த அட்வான்ஸ் வந்துவிடும். 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த அடமானத்துக்கு இங்கே பத்திரமே தேவைப்படவில்லை.

1985 டிசம்பர் 31 நிலவரப்படி சிவகாசியில் பதிவு பெற்ற 221 தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் 27,338 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் 2,941 பேர் குழந்தைகள். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பில் உள்ள கணக்கு இது. பதிவேட்டில் ஏறிய பிள்ளைகள் மட்டுமே இதில் உண்டு. வீட்டுத் திண்ணைகளில் பெட்டி ஒட்டியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. சிவகாசியின் பட்டப்பெயரான குட்டி ஜப்பானைத் தலைப்பில் தாங்கி 1990-இல் வெளிவந்த சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்த முகங்களை நாட்டுக்குக் காட்டியது.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு முறை பேசியது. 1990 அக்டோபர் தீர்ப்பில், தீப்பெட்டி தயாரிக்கும் இடத்தில் பிள்ளைகள் கூடாது என்றது. ஆனால் இளம் கைகள் பொருளைப் பிரித்து அடுக்கப் பொருத்தமானவை என்று சொல்லி, தயாரிப்பிடத்துக்கு அப்பால் பேக்கிங் வேலைக்கு அனுமதி தந்தது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பின் குரல் வேறு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதியில் கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் நிதிக்குத் தர வேண்டும் என்றது. 2016-இல் சட்டம் மேலும் இறுகியது: பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, பதினான்கு வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் கூடாது, பதினெட்டு வயது வரை வெடிபொருள் தொழிலில் கூடாது.

இன்று

விருதுநகர் மாவட்டத்தில் இன்று விடிகாலைப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பெரியவர்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். பிள்ளைகள் யூனிபார்மில் பள்ளிக்குப் போகிறார்கள். சட்டமும் சத்துணவும் அயராத களப்பணியாளர்களும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது, சிறிய மாற்றமல்ல.

ஆனால் தீப்பெட்டியோடு வளர்ந்த பட்டாசுத் தொழிலில், மருந்து கலக்கும் கைகளுக்கு முறையான பயிற்சி எல்லா இடத்திலும் சேரவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகும் வெடிச் சத்தம் ஓயவில்லை. கற்றுக்கொடுக்கும் கடமை எஜமானனுக்கு உண்டு என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. வெடிமருந்தைக் கையாளும் தொழிலாளிக்கு அதைவிடக் குறைவாகத் தருவதற்கு நியாயமே கிடையாது. எட்டு மாதப் பயிற்சியில் பிறந்த தொழில், தன் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும்.

அட்வான்ஸ் பாக்கியைக் காட்டி யாராவது ஒரு தொழிலாளியை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடன் அந்த நிமிடமே செல்லாது. திருப்பிக் கட்டத் தேவையில்லை. புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கோட்டாட்சியரிடமும் கொடுக்கலாம். வேலையில் ஒரு குழந்தையைக் கண்டால் 1098-க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.