நவம்பர்ல கடல் பார்க்கப் போறீங்களா? ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி இந்த ஒரு கணக்கு

தீபாவளி முடிஞ்சுது, போனஸ் அக்கவுண்ட்ல இறங்கியாச்சு. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல "நவம்பர் கடைசில பாண்டிச்சேரி போலாமா?"ன்னு யாராவது ஒரு லிங்க் போட்டிருப்பாங்க. கீழே ரெண்டு விலை இருக்கும். ஒண்ணு ரீஃபண்டபிள், இன்னொண்ணு நான்-ரீஃபண்டபிள். ரெண்டாவது கொஞ்சம் கம்மி. கை தானா அங்கதான் போகும்.

2024-ல என் கையும் அங்கதான் போச்சு. நான் ஒரு சிஏ. அடுத்தவங்க கணக்கைத் திருத்துறது என் தொழில். அதனால இதைச் சொல்ல கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

எங்க ஊர் கம்பைநல்லூர். பக்கத்துல இருமத்தூர்ல ஓடுற தென்பெண்ணை, கடலூர்ல போய் கடல்ல சேருது. ஆனா அந்த ஆத்தைப் பார்த்தே வளர்ந்த எங்கப்பாவும் அம்மாவும் கடல் பக்கத்துல ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்லை. சரி, கூட்டிட்டுப் போவோம்னு 2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரிக்கு ரெண்டு ரூம், ரெண்டு ராத்திரி போட்டேன். ரீஃபண்டபிள் 3,200 ரூபாய், நான்-ரீஃபண்டபிள் 2,700. "ரூமுக்கு 500 மிச்சம், நாலுக்கு 2,000"ன்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம். அப்ப இருந்த 12% ஜிஎஸ்டியோட 12,096 ரூபாய் கட்டினேன்.

அப்புறம் ஃபெஞ்சல் வந்துது.

வெள்ளிக்கிழமை காலையில டிவியைப் பார்த்துட்டு அம்மா பையைத் திறந்து துணியெல்லாம் திரும்ப எடுத்து வெச்சுட்டாங்க. ஹோட்டலுக்குப் போன் பண்ணினேன். "ரூம் ரெடியா இருக்கு சார், நீங்க வரலைன்னா நாங்க என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. கோபம் வந்துது, ஆனா அவங்க சொன்னதுல தப்பில்லை. அந்தக் கண்டிஷனுக்கு ஓகே கொடுத்தது நான்தானே. 30-ம் தேதி ராத்திரி புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துது. அங்க ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல மழை. போகாதது நல்லதுன்னு வீட்ல உட்கார்ந்திருந்தா, அடுத்த ராத்திரி அது நம்ம பக்கம் திரும்பிடுச்சு. டிசம்பர் 2 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல ஊத்தங்கரையில 50 செ.மீ. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துட்டுப் போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. சாத்தனூர் அணையைத் திறந்து விட்டாங்க. நாங்க போக முடியாத கடலுக்கு எங்க ஊர்த் தண்ணி போய்ச் சேர்ந்துடுச்சு.

இப்ப கணக்குக்கு வருவோம். ரீஃபண்டபிள் எடுத்திருந்தா வரியோட 14,336. நான் மிச்சம் பிடிச்சது 2,240. இழந்தது 12,096. ஆனா "இழந்துட்டேன்"னு தெரிஞ்ச பிறகு பேசுறது கணக்கில்ல. புக் பண்ற அன்னைக்கு என்ன யோசிச்சிருக்கணும்?

ரொம்ப சிம்பிள். 3,200-ல 500 தள்ளுபடின்னா 15.6%. அந்தச் சதவீதம்தான் உங்க பிரேக்-ஈவன். பயணம் ரத்தாகிற வாய்ப்பு 15.6%க்குக் கீழே இருந்தா நான்-ரீஃபண்டபிள் லாபம். மேல இருந்தா நஷ்டம். அதாவது ஆறு தடவை பிளான் போட்டா ஒரு தடவையாவது கேன்சல் ஆகுமான்னு உங்களையே கேளுங்க. 5% தள்ளுபடிக்காக நான்-ரீஃபண்டபிள் எடுக்கிறவங்க, "இருபதுல பத்தொன்பது தடவை நான் கண்டிப்பாப் போயிடுவேன்"னு பந்தயம் கட்டுறாங்கன்னு அர்த்தம். உங்க மேனேஜரை வெச்சுக்கிட்டு அந்தப் பந்தயம் கட்டுவீங்களா?

நம்ம கிழக்குக் கரையில நவம்பர் கடைசி, டிசம்பர் ஆரம்பம்னா வடகிழக்குப் பருவமழை வேற. 2020-ல நிவர், 2022-ல மாண்டஸ், 2024-ல ஃபெஞ்சல். மூணுமே மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல இருக்கிற அந்தச் சின்னத் துண்டுக் கரையிலதான் ஏறுச்சு. உங்க வீக்எண்ட்லயே சரியா ஒரு புயல் வர்ற வாய்ப்பு சின்னதுதான், ஒத்துக்கிறேன். அதோட காய்ச்சல், லீவு ரத்து, ஊர்ல ஒரு சாவு, எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. நான் ஆறுல ஒண்ணுக்கு மேலதான் வைப்பேன்.

ரீஃபண்டபிள்னு போட்டிருந்தாலும் எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க. "ஏழு நாள் முன்னாடி வரை இலவச ரத்து"ங்கிறது இந்த சீசனுக்குப் பிரயோஜனமில்லை. புயல் எங்க கரை ஏறும்னு ஓரளவு தெளிவாகிறதே கடைசி ரெண்டு மூணு நாள்லதான். 24 மணி நேரம், அதிகபட்சம் 48 மணி நேரம்னு இருந்தா எடுங்க. ரயிலைப் பொறுத்தவரை, ரயில்வேயே ரத்து பண்ணினா இ-டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானா வந்துடும். ரயில் ஓடி, நீங்க போகலைன்னா வழக்கமான பிடித்தம் உண்டு.

எல்டிஏ பத்தி கமெண்ட்ல நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. 2022-25 பிளாக் 2025 டிசம்பரோட முடிஞ்சுது. ஆனா நியூ ரெஜிம்ல இருந்தா எல்டிஏவுக்கு வரிவிலக்கே கிடையாது, அவ்வளவுதான். ஓல்டு ரெஜிம்ல இருக்கிறவங்களுக்கும் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். ரூமுக்கும் மீன் வறுவலுக்கும் இல்லை. அப்பா அம்மா உங்களைச் சார்ந்து இருந்தா அவங்க டிக்கெட்டும் சேரும். பயன்படுத்தாத ஒரு பயணத்தை 2026-க்குத் தள்ளிக்கலாம். அதனால எல்டிஏ வீணாப் போயிடுமேன்னு மழையில கிளம்ப வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 12%லிருந்து 5%. பில்லுல இன்னும் 12% போட்டிருந்தா வாயைத் திறந்து கேளுங்க.

"நோ-காஸ்ட்" இஎம்ஐல டூர் போறது எனக்குப் பிடிக்காது. அதுலயும் பிராசஸிங் ஃபீ இருக்கு, வட்டி மேல 18% ஜிஎஸ்டி இருக்கு. மாசம் 2,000 ஆர்டி பத்து மாசம் போட்டா 20,000 ரூபாய் கையில இருக்கும். சலிப்பான யோசனைதான், தெரியும்.

இந்த வருஷம் நாங்க மேற்குக் கரைக்குப் போறோம். கர்நாடகக் கடற்கரையில நவம்பர் கடைசிக்குள்ள மழை பெரும்பாலும் ஓஞ்சிடும், வெயில் நல்லா இருக்கும். கம்பைநல்லூர்ல இருந்து கிருஷ்ணகிரி வழியா பெங்களூரு, அங்கிருந்து ராத்திரி பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ், காலையில உடுப்பி. அப்புறம் முருடேஸ்வர். கோயிலும் கடலும் ஒரே இடத்துல இருக்கிறதால அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. பாண்டிச்சேரியை விட ரயில் செலவும் ஒரு நாள் லீவும் கூடுதல்தான். முன்பதிவு 60 நாள் முன்னாடியே திறந்துடும்கிறதால, வெயிட்டிங் லிஸ்ட் எவ்வளவுன்னு பார்த்துட்டு லீவு அப்ளை பண்ணுங்க.

ரூம் ரீஃபண்டபிள்தான், 24 மணி நேரம். 400 ரூபாய் அதிகம் கொடுத்தேன். "எதுக்குடா அதிகம்?"னு அப்பா கேட்டார். 2024 பில்லைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "இதை அப்பவே ஏன் எங்ககிட்ட சொல்லலை?"ன்னார்.

உங்க ரூம் விலையைப் போட்டா பிரேக்-ஈவன் காட்டுற எக்செல் ஷீட் இந்த வார வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. ரெண்டு விலையை மட்டும் போடுங்க, போதும்.