பிளாஸ்டருக்குள் ஒரு முத்து

ஆறாவது நெப்போலியன் சிலையைப் பத்து பவுன் கொடுத்து வாங்கி, மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் சிலையை வைத்து, கைப்பிரம்பால் ஓங்கி ஒரு போடு போடுகிறார் ஷெர்லாக் ஹோம்ஸ். சிதறிய பிளாஸ்டர் துண்டுகளில் ஒன்றுக்குள் பதிந்து கிடக்கிறது உலகப் புகழ்பெற்ற கறுப்பு முத்து. ஆர்தர் கோனன் டாயில் 1904இல் எழுதிய கதை இது. இங்கிலாந்தின் கிரனாடா நிறுவனம் 1986இல் இதைத் தொலைக்காட்சிக்கு எடுத்தது. ஹோம்ஸாக நடித்தவர் ஜெரமி பிரெட். 1984 முதல் 1994 வரை 41 பகுதிகள் வந்த அந்தத் தொடரை மிஞ்ச இன்னொரு ஹோம்ஸ் தொடர் வரவில்லை என்பது என் கட்சி.

திருடன் பெப்போ ஒரு சிலைப் பட்டறைத் தொழிலாளி. போலீஸ் துரத்துகிறது, கையில் முத்து, அகப்படுவதற்குச் சில நிமிடங்களே இருக்கின்றன. பட்டறை நடையில் ஆறு நெப்போலியன்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்றில் ஈரம் போகவில்லை. துளை போட்டு முத்தைப் போட்டு மூடிவிடுகிறான். ஓராண்டு சிறை. வெளியே வந்து பார்த்தால் ஆறும் விற்றுப்போய் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

இதில் எது நம்பும்படி இல்லை? ஆறில் தேடிய ஒன்று கடைசியாகத்தான் கிடைக்கிறது என்பதைச் சிலர் குறை சொல்வார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் முத்தைத் தெரிந்த ஒருவரிடம் கதையைச் சொன்னால் முதல் கேள்வி வேறாக இருக்கும்: ஓராண்டு பிளாஸ்டருக்குள் கிடந்த முத்து முத்தாகவே இருக்குமா?

நம் தூர்தர்ஷனிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பாசு சட்டர்ஜி இயக்கி, ரஜித் கபூர் நடித்து 1993இல் வந்த ‘பியோம்கேஷ் பக்ஷி’ தொடர். சரதிந்து பந்தோபாத்யாயின் கதையொன்றில், காணாமல்போன வைரம் மேசைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும் சிறிய பிளாஸ்டர் நடராஜருக்குள் இருக்கிறது. அங்கே இந்தக் கேள்விக்கு இடமில்லை. வைரம் கரி அணுக்களின் இறுகிய கட்டு; பிளாஸ்டர் அதை ஒன்றும் செய்யாது. முத்து அப்படியல்ல. அது ஓர் உயிர் தன் உடம்புக்குள் செய்த பொருள்.

துப்பறியும் கதையில் தற்செயலை நாம் மன்னித்துவிடுகிறோம். பெப்போவின் அவசரம், ஈரமான சிலை அங்கே இருந்த அதிர்ஷ்டம், எல்லாம் போகட்டும். ஆனால் ஒரு பொருள் தன் குணத்துக்கு மாறாக நடந்துகொண்டால் கதை அங்கேயே விழுந்துவிடும். அதனால் முத்தின் குணத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

முத்தில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், அதுவும் அரகோனைட் என்ற படிக வடிவில். மிச்சம் சிறிதளவு புரதமும் கைட்டினும், கொஞ்சம் நீரும். கார்பனேட்டுக்கு எதிரி அமிலம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் மெல்ல மெல்ல முத்தைத் தின்னும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ கால்சியம் சல்ஃபேட். தண்ணீர் பட்டதும் ஜிப்சமாக இறுகுகிறது. ஏறக்குறைய நடுநிலைப் பொருள். அமிலமும் இல்லை, கடுங்காரமும் இல்லை. அதில் ஊறும் தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் நிறைந்திருப்பதால், முத்திலிருந்து கால்சியம் கரைந்து வெளியேறுவதும் அடங்கிவிடுகிறது. இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும், ஆனால் முத்தைக் கெடுக்கும் சூடு அல்ல. பட்டறையில் சிமெண்ட் கலவை இருந்திருந்தால் கதை வேறு. அதன் காரம் முத்தின் புரதத்தை அரித்திருக்கும்.

கீறல்? அரகோனைட்டின் கடினம் மோஸ் அளவில் 3.5 முதல் 4 வரை. ஜிப்சம் வெறும் 2, நகத்தாலேயே கீறலாம். ஆகவே பிளாஸ்டர் முத்தைக் கீறாது. பெப்போ துளை போட்டதும் நடக்கக்கூடியதுதான். அச்சிலிருந்து எடுத்த சிலை இறுகியிருந்தாலும், ஈரம் உலராதவரை அதன் வலு பாதிதான். தொழில் தெரிந்த கை ஒரு கூர்மையான கம்பியால் குடைந்து, பிசைந்த பிளாஸ்டரை வைத்துத் தேய்த்துவிடும். ஒரு கவலை மட்டும் மிஞ்சுகிறது. காய்ந்த பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சும். நீண்ட காலம் வறண்டு கிடந்தால் முத்தின் ஒளி மங்கலாம். ஓராண்டு என்பதால் டாயில் தப்பித்தார்.

அடுத்தது அந்த அடி. மிருதுவான பொருளை அவ்வளவு வேகமாக அடித்தால் நொறுங்காதா? முத்தின் பெரிய அதிசயம் இங்கேதான் இருக்கிறது. நேக்கர் எனப்படும் முத்துப் படலத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் செங்கல் சுவர் கட்டியது போல இருக்கும். ஒவ்வொரு செங்கல்லும் அரை மைக்ரான் தடிமன் உள்ள அரகோனைட் தகடு. இடையே மெல்லிய புரதச் சாந்து. விரிசல் ஒன்று உள்ளே புகுந்தால் நேராகப் பாய முடியாது. ஒவ்வொரு தகட்டையும் சுற்றி வளைந்து போக வேண்டும். புரத இழைகள் இழுபட்டு அதன் வேகத்தைத் தின்றுவிடும். இதனால் வெறும் அரகோனைட்டை உடைப்பதைவிடப் பல நூறு, சில சோதனைகளில் ஆயிரக்கணக்கான மடங்கு அதிக ஆற்றல் நேக்கரை உடைக்கத் தேவைப்படுகிறது. எளிதில் கீறலாம், எளிதில் உடைக்க முடியாது. வைரமோ நேர்மாறு: இன்னொரு வைரத்தைத் தவிர எதுவும் கீறாது, ஆனால் படிகத்தின் பிளவுத் தளத்தில் அடி விழுந்தால் பிளந்துவிடும். சிலையை அடித்து உடைக்கும்போது அதிகம் பயப்பட வேண்டியவர் ஹோம்ஸ் அல்ல, பியோம்கேஷ்தான். அதே தகடுகள்தான் முத்தின் ஜொலிப்புக்கும் காரணம். தடிமன் ஒளியின் அலைநீளத்தை ஒட்டி இருப்பதால், அடுக்கடுக்காகத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகின்றன.

ஆக, நம்பவே முடியாதது போலத் தெரிந்த கதை தேர்ச்சி பெற்றுவிட்டது. ஆனால் நாம் கேள்வி கேட்காமல் விட்டுவிடும் இடங்களில் இதே தொடர் தடுக்குகிறது. ‘நால்வர் குறி’யில் ஆக்ரா புதையல் வருகிறது: நூற்றுக்கும் மேற்பட்ட வைரங்களும் முந்நூறுக்கு அருகில் முத்துகளும் ஒரே இரும்புப் பெட்டியில். கடல் கடந்து லண்டன் வரை குலுங்கி வந்த பெட்டி அது. வைரத்தோடு உரசிய முத்தின் தோல் என்ன ஆகும் என்று டாயில் யோசிக்கவில்லை. அதே கதையில் அந்தமான் தீவுக்காரர் ஊதுகுழலால் நச்சு முள் எய்கிறார். அந்தமான் பழங்குடிகளின் ஆயுதம் வில்லும் அம்பும். ஊதுகுழல் அவர்களிடம் இல்லை. ஒரு மக்களையே கொலைக்கருவியாக்கிய இந்தப் பிழை, முத்துக் கீறலைவிடக் கனமானது.

பிறகு, விழுங்கும் கதை. 1984இல் வந்த ‘நீலக் கல்’ பகுதியில் திருட்டுக் கல்லைப் பெருவாத்து ஒன்றின் தொண்டைக்குள் தள்ளிவிடுவார்கள். கோழிக்கு இருப்பது போன்ற தீனிப்பை அந்தப் பறவைக்கு உண்டா என்று ஹோம்ஸ் ரசிகர்கள் பல பத்தாண்டுகளாக வழக்காடுகிறார்கள். நீலக் கல்லுக்குப் பதில் முத்து என்றால் வழக்கே வேண்டாம்: வயிற்று அமிலம் முதலில் எடுப்பது முத்தின் மேல்தோலைத்தான், முத்தின் விலை முழுதும் அந்தத் தோலில் இருக்கிறது. மங்கிய முத்தைக் கோழிக்குக் கொடுத்து, உடனே அறுத்து எடுத்தால் பளபளப்பு திரும்பும் என்ற நம்பிக்கை இலங்கைக் கரையில் இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. ஒரு நொடி அமிலம் அழுக்குப் படலத்தை எடுக்கும், நேரம் கூடினால் முத்தையே எடுக்கும். அந்த ‘உடனே’யில்தான் வேதியியல் முழுதும் அடங்கியிருக்கிறது.

மனிதர்களும் விழுங்கினார்கள். அதற்கான காவலும் இருந்தது. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடக்கும் நாட்களில் சிப்பியைக் குவித்து அழுகவிடுவார்கள். ஈக்களும் புழுக்களும் தசையைத் தின்றபின் கடல்நீர் நிரப்பிய மரத்தொட்டியில் கொட்டி அலசுவார்கள். குமட்டும் நாற்றத்தில் கூலியாட்கள் குந்தியிருந்து ஓடுகளைத் தேய்த்துக் கழுவ, தொட்டியின் இரு முனையிலும் கண்காணி நிற்பார். ஓட்டை வெளியே வீசும்போது தவிர எவரும் கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கக் கூடாது. கை வாய்க்குப் போகும் என்ற பயம்.

அந்தக் காவலையும் மிஞ்சிய ஒரு திருட்டை லெ பெக் என்பவர் பதிவு செய்திருக்கிறார். 1797இல் மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பை நேரில் கண்டு எழுதியவர். கூலியாட்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்களாம். ஒருவர் கையில் பெரிய முத்து தட்டுப்பட்டதும் கூட்டாளிக்குச் சைகை. கூட்டாளி உடனே ஒரு சின்ன, மதிப்பில்லாத முத்தை, பிடிபட வேண்டும் என்றே, கண்ணில் படும்படி எடுப்பார். கூச்சல், அடி, உதை. அவர் போடும் ஓலத்தில் எல்லோர் கண்ணும் அங்கே. அந்த இடைவெளியில் பெரிய முத்து மறைந்துவிடும். பிறகு அடி வாங்கியவருக்கும் பங்கு உண்டு. ஹோம்ஸ் கதை எதிலும் இவ்வளவு கச்சிதமான திட்டம் இல்லை என்று தயங்காமல் சொல்வேன். இதில் தற்செயல் ஒன்றுகூட இல்லை. வேதியியலும் சரியாக இருக்கிறது, ஏனென்றால் இங்கே முத்து யார் வயிற்றுக்கும் போகவில்லை. ஆனால் அந்த அடி நிஜமான அடி. நாள்கூலிக்குப் புழுத் தண்ணீரில் உட்கார்ந்தவர்கள், கடைசிவரை தங்களுடையதாகாத செல்வத்தைக் கையால் தொட்டுக்கொண்டிருந்தவர்கள். கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை முத்துக் குளிக்க வைத்ததாகச் செங்கடல் வழிப் பயணநூலான ‘பெரிப்ளூஸ்’ முதல் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறது. இந்தக் கரையில் முத்தும் குற்றமும் சந்தித்துக்கொள்வது ஹோம்ஸ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

திரைத் துப்பறிவாளர்கள் முத்தைப் பல்லில் உரசி ‘அசல்’ என்று தீர்ப்புச் சொல்லும் காட்சியையும் விட முடியாது. நேக்கர் தகடுகளின் விளிம்பு நறநறவென்று பல்லுக்குத் தெரியும். கண்ணாடி, பிளாஸ்டிக் மணிகள் வழுக்கும். போலியைப் பிடிக்க இது போதும். ஆனால் கடலில் தானாக விளைந்த முத்தையும் வளர்ப்பு முத்தையும் பல் பிரிக்காது, ஏனென்றால் இரண்டின் மேல்தோலையும் செய்தது சிப்பிதான். கடலில் வளர்த்த முத்தின் நடுவில் பெரும்பாலும் நன்னீர் மட்டி ஓட்டில் கடைந்த உருண்டை இருக்கும். அதைக் காட்ட எக்ஸ்ரே வேண்டும். இந்தியாவில் அந்த உருண்டையைச் சுற்றி முதன்முதலில் முத்து விளைந்தது தூத்துக்குடியில். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973இல் அதைச் சாதித்தார். சிப்பியின் மேலுறைத் திசுவில் கடுகளவு துண்டை வெட்டி, உருண்டையோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைக்க வேண்டும். அந்தத் துண்டு வளர்ந்து உருண்டையைச் சுற்றிப் பையாகி, தகடு தகடாக நேக்கரைச் சுரக்கும். 1981இல் சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உருவாக்கும் முறையும் இதே ஊரில் கைவந்தது.

அதற்கான தேவை ஏன் வந்தது என்பதுதான் இந்தக் கரையின் பெரிய துப்பறியும் கதை. தூத்துக்குடிக்கு எதிரே கடலடிப் பாறைத் திட்டுகள் இருக்கின்றன, பார் என்பார்கள். தோலாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. ஒரு பரிசோதனையில் பார் முழுக்க இளஞ்சிப்பி அப்பிக் கிடக்கும். விளையட்டும் என்று விட்டுவிட்டு மறுமுறை போனால் வெறும் பாறை. 1928க்குப் பிறகு 1955 வரை சலாபமே இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பின் இன்றுவரை இல்லை.

சந்தேகப் பட்டியல் நீளமானது. கூட்டமாக வந்து ஓட்டை நொறுக்கித் தின்னும் திருக்கை. கூரிய பல்லால் கொத்தும் கிளாத்தி. நட்சத்திர மீன். நூல் இழைகளால் பின்னிப் படர்ந்து இளஞ்சிப்பியை மூச்சுத் திணறடிக்கும் சிறு மட்டி; குளியாட்கள் இதைச் சூரன் என்பார்கள். நீரோட்டம் கொண்டுவந்து கொட்டும் மணல். அளவுக்கு மீறிய அறுவடை. பின்னாளில் கடலடியை வாரும் இழுவை மடி. 1900களின் தொடக்கத்தில் இலங்கைப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மேனும் ஹார்னெலும் தொடங்கி எல்லோரும் இந்தச் சந்தேக நபர்களைத்தான் விசாரித்தார்கள். எவரும் நிரபராதி இல்லை. எவர் ஒருவரும் தனியாகக் காரணமும் இல்லை.

தொலைக்காட்சித் தொடரின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரே குற்றவாளி வேண்டும். கடலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சிப்பி முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிடுகிறது. பிறந்த குஞ்சு மூன்று வாரம்போல மிதந்து திரிகிறது. ஒரு பாரின் குஞ்சு எங்கோ இருக்கும் வேறொரு பாரில் போய் ஒட்டிக்கொள்ளலாம். எனவே தாய்ச்சிப்பி ஓரிடத்தில் அழிந்தால் வெறுமை பல மைல் தள்ளி இன்னோர் இடத்தில் தெரியும். குற்றம் நடந்த இடமும் பிணம் கிடந்த இடமும் வேறு வேறு. 1980களின் பிற்பகுதியில் பொரிப்பகக் குஞ்சுகளை லட்சக்கணக்கில் தூத்துக்குடிப் பார்களில் விட்டுப் பார்த்தார்கள். சலாபம் அறிவிக்கும் அளவுக்குச் சிப்பி திரளவில்லை. விட்ட குஞ்சுகளில் எவை பிழைத்தன, அவற்றின் பிள்ளைகள் எந்தப் பாரில் இறங்கின என்று தெரிந்துகொள்ள, சிப்பிகளின் மரபணுவையும் வளைகுடாவின் நீரோட்டத்தையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.