சிறு தச்சுப் பட்டறைக்கு ஏற்ற மேசை ரம்பம்

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில் வீட்டையொட்டிப் பட்டறை அமைக்கும் தச்சர், குறைந்த முதலில் மேசை ரம்பம் வாங்குங்கால் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, வேலையின் அளவு. 10 அங்குல வட்ட அலகு ஏறத்தாழ 3 அங்குலக் கனமுள்ள மரத்தை அறுக்கும். கதவு, சன்னல் வேலைக்கு இது போதும். உருட்டுக் கட்டைகளை இதில் அறுத்தல் ஆகாது. ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் 2 குதிரைச்சக்தி மோட்டார் போதுமானது. நீண்ட மெல்லிய கம்பியால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். ஆதலின் தடித்த கம்பியும் நில இணைப்பும் இன்றியமையாதன.

இரண்டாவது, பாதுகாப்பு. மரத்தை ஒட்டித் தள்ளும் நேர்ச்சட்டம் அலகுக்கு இணையாக அசையாது நிற்றல் வேண்டும். அது பின்புறம் அலகை நோக்கிச் சாய்ந்தால், மரம் இடையில் இறுகி, அறுப்பவர் மீதே பாயும். அலகின் பின்னே நிற்கும் பிளவுத் தகடும் மேல்மூடியும் இல்லாத ரம்பம் எத்துணை மலிவாயினும் வேண்டா. விரல் போனபின் மிச்சப்பட்ட பணத்தால் பயன் என்ன? அலகை நெருங்குகையில் மரத்தைத் தள்ளுகோலாலேயே தள்ளுக, கையுறை அணியற்க.

மூன்றாவது, உப்புக்காற்று. வார்ப்பிரும்பு மேசை அதிராது நிற்கும். ஆயினும் விரைவில் துருப்பிடிக்கும். மாலைதோறும் தூளைத் துடைத்து, மெழுகு தடவுக. எண்ணெய் மரத்திற் கறை படுத்தும்.

தாங்குசட்டத்தைத் தச்சரே மரத்தால் செய்து செலவைக் குறைக்கலாம். அலகிலும் காப்பிலும் சிக்கனம் கூடாது. பழைய கருவியாயின், மின்சாரத்தைத் துண்டித்து, அச்சைக் கையால் அசைத்து ஆட்டம் உண்டா எனப் பார்த்தே வாங்குக.

2025-இல் தொடங்கப்பெற்ற கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலைக்கும் இடமளிக்கப்பட்டது. 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், 50,000 ரூபாய்க்கு மேற்படாத மானியமும் அறிவிக்கப்பட்டன. பஞ்சாயத்து உறுப்பினர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்டறிந்து, தம் ஊர்த் தச்சர்க்கு எடுத்துரைப்பார்களாக.