முகமூடி அணிந்த கடிதங்கள்

கள்வன் என்றால் நள்ளிரவில் கன்னக்கோலுடன் வருகிறவன் என்றே நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். அவனுக்கு இருட்டு வேண்டும். நாய் குரைக்காதிருக்க வேண்டும். அகப்பட்டுக்கொண்டால் ஊராரிடம் உதையும் வாங்க வேண்டும். இக்காலத்துக் கள்வனுக்கோ அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பட்டப்பகலில் எங்கோ ஒரு நாற்காலியில் சாய்ந்தபடி மின்னஞ்சலில் ஒரு கடிதத்தைத் தட்டிவிடுகிறான். அதைப் படித்த வீட்டுக்காரரே கதவைத் திறந்து, பெட்டியையும் திறந்து, உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்!

இத்தொழில் நேற்று முளைத்ததன்று. பிரெஞ்சு தேசத்தில் முதலில் குற்றவாளியாக இருந்து பின்னர் துப்பறிவாளராக மாறிய விதோக் என்பவர், 1828-ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில் இதை வர்ணித்திருக்கிறார். பாரிஸுக்கு அருகே பிஸேத்ர் சிறையிலிருந்த கைதிகள், பணக்காரர்களின் விலாசங்களைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதுவார்களாம். புரட்சிக்குத் தப்பியோடிய பிரபு ஒருவரின் வேலையாள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். புதைத்து வைத்த பொற்பேழையைப் பற்றி ஆசை காட்டி, முன்பணம் கேட்பார்கள். இதே கதையைத்தான், இறந்துபோன மந்திரியின் கோடிக்கணக்கான டாலர் என்று பெயர் மாற்றி, நம் காலத்து மின்னஞ்சல்கள் சொல்லுகின்றன. நைஜீரியச் சட்டத்தின் பிரிவை ஒட்டி இந்த மோசடிக்கு உலகெங்கும் '419' என்று பெயர். நம் நாட்டில் 420 என்றாலே குழந்தைக்கும் விளங்கும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தக் குற்றம் 318-ஆம் பிரிவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. எண் மாறிற்று; ஆசாமி மாறவில்லை.

மின்னஞ்சலில் அனுப்பியவர் பெயர் தெளிவாகத் தெரிகிறதே, அதை நம்பலாகாதா என்று கேட்கலாம். 1971-ஆம் ஆண்டு ரே டாம்லின்ஸன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே முதன்முதலாகக் கடிதம் அனுப்பினார். அக்காலத்தில் இந்த வசதியை உபயோகித்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஒரு சிறு ஆராய்ச்சிக் கூட்டத்தார். ஆகையால் அனுப்புகிறவர் உண்மையில் அவர்தாமா என்று சோதிக்கும் ஏற்பாடு தொடக்கத்தில் செய்யப்படவில்லை. தபால் உறையின் மூலையில் எவரும் எவர் பெயரையும் எழுதிவிடலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. தகப்பனார் கையொப்பத்துடன் வரும் விடுமுறைக் கடிதங்களில் எத்தனையோ, மகனுடைய கையெழுத்திலேயே இருக்கும்! பிற்காலத்தில் சோதனை ஏற்பாடுகள் பல வந்திருக்கின்றன. ஆனால் அவை விலாசத்தைத்தான் சோதிக்கும். விலாசக்காரனுடைய யோக்கியதையைச் சோதிக்கமாட்டா.

இக்கடிதங்கள் ஆயிரம் வேஷம் போட்டாலும், அவை பிடித்து இழுக்கும் கயிறுகள் மூன்றே: ஆசை, அச்சம், அவசரம். வருமான வரியில் பணம் திரும்ப வருகிறது என்பது ஆசை. உங்கள் பெயரில் வழக்குப் பதிவாகியிருக்கிறது என்பது அச்சம். இன்று இரவுக்குள் விவரம் தராவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்பது அவசரம். இவற்றுள் கொடியது அவசரமே. யோசிக்க ஒரு நாழிகை கிடைத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பிவிடுவார்கள் என்பது கள்வனுக்கு நன்றாகத் தெரியும். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றி 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலியில் பேசிய பிரதம மந்திரி, அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று எச்சரித்ததை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே, நாம் கைக்கொள்ள வேண்டிய தலையாய விதி ஒன்றுதான்: கடிதம் காட்டும் வழியில் போகாதீர்கள், உங்களுக்குத் தெரிந்த வழியில் போங்கள். பாங்கியிலிருந்து கடிதம் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொட வேண்டாம். பாஸ் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். அல்லது பாங்கிக்கே நேரில் செல்லுங்கள். உண்மையான செய்தியானால் அங்கேயும் அது உண்மையாகவே இருக்கும்.

இணைய விலாசத்தைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. தபால் விலாசத்தில் வீட்டு எண், தெரு எல்லாம் முன்னே வந்து, ஊர் கடைசியில்தானே வரும்? இணையத்திலும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில் நிற்கும் பெயரே சொந்தக்காரனைக் காட்டும். முன்னால் பாங்கியின் பெயர் எத்தனை பெரிதாக இருந்தாலும், கடைசியில் அறியாத பெயர் நின்றால் அது அயலான் வீடு. இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே 2025-ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்கி, இந்திய பாங்கிகளின் தளங்களெல்லாம் 'பாங்க்.இன்' என்னும் தனி முடிவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. வேற்றார் எவருக்கும் அந்த முடிவு கிடையாது.

எதிர்பாராத கடிதத்தோடு வரும் கோப்புகளையும் திறக்கலாகாது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், காதலைத் தெரிவிக்கும் தலைப்புடன் வந்த ஒரு கடிதத்தின் இணைப்பை ஆவலோடு திறந்தவர்களால், அந்த நச்சு நிரல் சில தினங்களுக்குள் உலகத்தையே சுற்றிவிட்டது. மின்னஞ்சல் பெட்டிக்கென்று தனிக் கடவுச்சொல் வைத்து, இரண்டாம் பூட்டாக இரட்டைச் சரிபார்ப்பும் போட்டுவையுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதங்கள் அந்தப் பெட்டிக்குத்தான் வருகின்றன. அது பறிபோனால் சாவிக்கொத்தே பறிபோன மாதிரி. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறவன் எவனாயினும் கள்வனே. யூ.பி.ஐ.யில் பணம் பெற்றுக்கொள்ள ரகசிய எண் தேவையே இல்லை; அது கொடுப்பதற்கு மட்டுமே.

இத்தனைக்குப் பிறகும் யாரேனும் ஏமாந்துவிட்டால், அவரை ஏசாதீர்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஆயுட்காலச் சேமிப்பை இழந்துவிட்டு, பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று வாய் திறவாமல் இருக்கும் ஒவ்வொரு மணியும் கள்வனுக்கு லாபம். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவி மறைவதற்குள், 1930 என்ற எண்ணுக்குச் சொன்னால் வழியிலேயே அதை நிறுத்திவைக்க இடமுண்டு. பாங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெட்கப்பட வேண்டியவன் அவனே, ஏமாந்தவர் அல்லர்.

சுயராஜ்யம் பெற்ற நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் சேமிப்பும் தேசத்தின் செல்வமே. அதைக் காப்பதும் குடிமக்களின் கடமையே. இன்று மாலை வீட்டிலுள்ள பெரியோர்களையும், புதிதாகக் கைப்பேசி வாங்கியவர்களையும் அருகில் உட்காரவைத்து, 1930 என்ற எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம்" என்று ஒரு வார்த்தையும் கொடுங்கள். அந்த வார்த்தைக்கு நிகரான பூட்டை இன்னும் எவரும் செய்துவிடவில்லை.