மடத்துக்குள் ஒரு வாக்குவாதம்: பண்டிதை ரமாபாயும் வாண்டேஜ் சகோதரிகளும்

பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்துத் திருச்சபையில், அதாவது ஆங்கிலிக்கன் சபையில், கன்னியர் மடம் என்பதே இல்லை. 1845இல் லண்டனில் முதல் சகோதரிகள் சபை தோன்றியபோது, திருமணம் செய்துகொள்ளாமல் பொதுவாழ்வுக்கு நேர்ந்துகொண்ட பெண்களைப் பலர் ஐயத்தோடு பார்த்தாலும், அடுத்தடுத்துப் பல சபைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று 1848இல் வாண்டேஜ் என்ற சிற்றூரின் பங்குக் குருவான வில்லியம் பட்லர் தொடங்கிய புனித கன்னி மரியாள் சபை. வழிபாட்டோடு பள்ளி நடத்துவதும், நெறி தவறியவர்கள் என்று சமூகம் ஒதுக்கிய பெண்களுக்குப் புகலிடம் தருவதும் இதன் பணிகளாக இருந்தன.

எழுதும் பெண்களுக்கும் இத்தகைய சபைகளுக்கும் நெருங்கிய உறவு இருந்தது. கவிஞர் கிறிஸ்டினா ரோசெட்டி ஹைகேட்டில் சகோதரிகளின் மேற்பார்வையில் இருந்த பெண்கள் புகலிடத்தில் தொண்டாற்றினார். தாந்தேயைப் பற்றி நூல் எழுதிய அவருடைய அக்காள் மரியா வேறொரு சபையில் துறவியாகவே சேர்ந்துவிட்டார். 1853இல் வெளிவந்த ஒரே நாவலால் நாடெங்கும் பெயர் பெற்ற சார்லட் யங், 1868 முதல் வாண்டேஜ் சபையின் வெளிச் சகோதரி, அதாவது மடத்தில் தங்காமல் தம் வீட்டிலிருந்தே அதன் நெறிகளைக் கைக்கொள்பவர். தகப்பனாரும் ஞானகுருவும் படித்துத் திருத்தியபின் கையெழுத்துப்படியை அச்சுக்கு அனுப்பியவர் அவர். அவருக்குக் கீழ்ப்படிதல் ஒரு சுமையாகவே தோன்றவில்லை.

அதே சபையின் வாசலில் 1883இல் வந்து இறங்கிய இருபத்தைந்து வயது மராத்தி எழுத்தாளருக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. பெற்றோரைப் பஞ்சத்தில் இழந்து, அண்ணனோடு ஊர் ஊராக நடந்து புராணம் சொல்லிப் பிழைத்து, 1878இல் கல்கத்தாப் பண்டிதர்களிடம் பட்டம் பெற்று, வங்காளியான கணவரைத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் முடியுமுன்பே காலராவுக்குப் பறிகொடுத்த ரமாபாய், 'ஸ்திரீ தர்ம நீதி' என்ற தம் மராத்தி நூல் விற்ற பணத்தைக் கொண்டு, கைக்குழந்தை மனோரமாவுடன் கப்பலேறினார். பூனாவில் இச்சபையின் கிளை இருந்ததால் அறிமுகம் முன்பே உண்டு. இந்தியாவுக்குப் புறப்படும் சகோதரிகளுக்கு அவர் மராத்தி கற்பிக்க, அவர்கள் அவருக்கு ஆங்கிலம் கற்பிப்பது என்பது ஏற்பாடு. மருத்துவம் படிக்க நினைத்தார். காது மந்தமாகி வந்ததால் அது கைகூடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

அவர் மனத்தை மிகுதியும் அசைத்தது வழிபாடு அன்று. லண்டன் ஃபுல்ஹாமில் சகோதரிகள் நடத்திய இல்லத்தில், நெறி தவறியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் மனிதராக மதிக்கப்பட்டு மறுவாழ்வு பெற்றதைக் கண்டார். தம் நாட்டுச் சாஸ்திரங்கள் அத்தகையோருக்கு விதித்த கொடிய தண்டனைகளோடு அதை ஒப்பிட்டார் என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். ஆனால் நன்றியுணர்வும் கீழ்ப்படிதலும் ஒன்றல்ல என்பது சீக்கிரமே சகோதரிகளுக்குத் தெரியவந்தது. அவருடைய ஆன்மிக வழிகாட்டியும் மனோரமாவுக்குப் பாட்டி முறையில் 'ஆஜிபாய்' என்று அழைக்கப்பட்டவருமான சகோதரி ஜெரால்டின், ரமாபாய் முட்டை கலந்த பண்டத்தைத் தொடாமலிருப்பதைக்கூட சாதிப் பெருமையின் எச்சமாகவே கண்டார். அணிந்துகொள்ளச் சொன்ன சிலுவையில் லத்தீன் சொற்கள் இருந்தபோது, பிராமணர்கள் சமஸ்கிருதத்தைத் தேவபாஷை என்பதுபோல நீங்கள் லத்தீனைக் கருதுகிறீர்களா என்று வினவி, தம் சிலுவையில் சமஸ்கிருதச் சொல்லே வேண்டும் என்றார் ரமாபாய். எதிராளியின் வாதத்தை அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் வைக்கும் இந்தத் திறம், சாஸ்திர விவாத மேடைகளில் பழகியவருக்கே வரும்.

செல்ட்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் முதல்வர் டொரத்தியா பீலின் ஆதரவில் அவர் சமஸ்கிருதம் கற்பித்து வந்தபோது பூசல் முற்றியது. அவர் ஆண் மாணவர்களுக்கும் கற்பிக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும், அது இந்தியாவில் அவர் மதிப்பைக் குலைக்கும் என்று பேராயர்கள் தடுத்தனர். இந்தியாவில் ஆண்கள் கூடிய சபைகளிலேயே சொற்பொழிவாற்றியவருக்கு இது விந்தையாகப் பட்டது. தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டையும் கேள்விக்கு உட்படுத்தினார். கிறிஸ்துவை ஏற்றதனால் குருமார்களின் ஒவ்வொரு சொல்லையும் ஏற்கக் கடமைப்பட்டதாக அவர் எண்ணவில்லை. வாண்டேஜ் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது உண்மை. அவர் சிந்தனைக்கு எல்லை வகுக்கவும் முயன்றது என்பதும் உண்மை.

1886இல் அவர் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு அங்கே வெளிவந்த, உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் அவருக்குப் பெரும் ஆதரவைத் திரட்டித் தந்தது. 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் 'சாரதா சதன்' திறந்தார். ஜெரால்டினோடு கடிதத் தொடர்பு மட்டும் அறவில்லை. ரமாபாயின் பிடிவாதத்தைக் கண்டித்த அந்தச் சகோதரியே, தமக்கு எதிரான வாதங்கள் நிறைந்த கடிதங்களையும் சேர்த்து வைத்தார். அவை ஏ.பி. ஷா பதிப்பில் 1977இல் பம்பாயில் நூலாக வெளிவந்தன.