ஒட்டுக் கேட்டால் அபராதம்

அடுத்தவர் வீட்டுச் சுவரோரம் நின்று ஒட்டுக் கேட்பது இங்கிலாந்தில் 1967 வரை சட்டப்படி குற்றம். அந்த ஆண்டு வந்த குற்றவியல் சட்டம்தான், வழக்கொழிந்து போன வேறு பல குற்றங்களோடு இதையும் ஏட்டிலிருந்து எடுத்தது. அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் எழுதிய விளக்கவுரையில் இந்தக் குற்றவாளிக்கு ஓர் இலக்கணமே உண்டு. சுவரடியிலோ ஜன்னலடியிலோ கூரை இறவாணத்தின் கீழோ நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்டு, அதை வைத்து அவதூறு கட்டிவிடுபவர். தண்டனை அபராதம், கூடவே, இனி ஒழுங்காக நடந்துகொள்வேன் என்பதற்கு ஜாமீன். காதை நீட்டியதைவிட, கேட்டதை ஊரெல்லாம் பரப்பியதுதான் சட்டத்தை அதிகம் உறுத்தியிருக்கிறது.

ஒட்டுக் கேட்பவருக்கு ஆங்கிலத்தில் 'ஈவ்ஸ்டிராப்பர்' என்று பெயர். 'ஈவ்ஸ்' என்பது சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் இறவாணம். 'டிராப்' அதிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீர். அந்தத் தண்ணீர் பக்கத்து மனையில் விழுந்தால் சண்டை வருமே! அதனால் வீடு கட்டுகிறவர் கூரைத் தண்ணீர் விழத் தன் எல்லைக்குள்ளேயே கொஞ்சம் இடம் விடவேண்டும். கென்ட் பகுதியில் 868-ஆம் ஆண்டு எழுதப்பட்ட சாசனம் ஒன்று இதற்கு இரண்டடி என்று கணக்குச் சொல்கிறது. தண்ணீர் சொட்டும் அந்தக் குறுகலான இடத்தில் பதுங்கினால் உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்கும். மழைத்தண்ணீருக்கு விட்ட இடத்தின் பெயர், அங்கே வந்து நின்ற ஆளுக்கு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

லண்டனை ஒட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போகிறவர்கள் பெரிய மண்டபத்தில் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கலாம். எட்டாம் ஹென்றி 1530-களில் கட்டியது. மரக்கூரையின் ஓரங்களில் செதுக்கி வண்ணம் பூசிய மனிதத் தலைகள் கீழே குனிந்து பார்த்தபடி இருக்கின்றன. அவற்றுக்கும் 'ஈவ்ஸ்டிராப்பர்' என்றே பெயர். அரசனின் விருந்தில் வாயை விடுவதற்கு முன் எவருக்கும் ஒரு கணம் யோசனை வந்திருக்கும்.

காதுக்கு அடுத்தது மூக்கு. வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பவரை ஆங்கிலேயர் 'நோஸி பார்க்கர்' என்பார்கள். யார் இந்தப் பார்க்கர்? முதலாம் எலிசபெத் காலத்தில் 1559 முதல் 1575 வரை கேன்டர்பரி பேராயராக இருந்த மேத்யூ பார்க்கர்தான் அவர் என்று ஒரு கதை உலவுகிறது. பாதிரிமார்களின் நடத்தையைத் துருவித் துருவி விசாரித்தாராம், மூக்கும் நீளமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர் அச்சில் தலைகாட்டுவதே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1907-இல் 'நோஸி பார்க்கர்' படத்தோடு தபால் அட்டையும் வந்தது. பேராயர் இறந்து 300 ஆண்டுகளுக்குமேல் ஊர் வாய் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று அவரை நினைத்துக்கொண்டது என்றால் நம்ப முடியவில்லை. அதற்கு முன் 'நோஸி' என்றால் பெரிய மூக்குக்காரர், அவ்வளவுதான். நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபுவைப் படைவீரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். அவர் வம்புக்கு அலைந்தவர் அல்ல.

நிஜமாகவே பிறந்த தேதி தெரிந்த ஒரு வம்பரும் உண்டு. 1825-இல் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் ஜான் பூல் எழுதிய நாடகம் மேடையேறியது. அதன் நாயகன் பால் ப்ரை. 'ப்ரை' என்றாலே துருவிப் பார்ப்பது. வேலை வெட்டி இல்லாத மனிதர். போகிற வீட்டிலெல்லாம் குடையை வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவார். பிறகென்ன, குடையை எடுக்கும் சாக்கில் திரும்பப் போகலாம், கதவுக்குப் பின்னால் நிற்கலாம். நடிகர் ஜான் லிஸ்டன் இந்தப் பாத்திரத்தில் ஊரையே சிரிக்கவைத்தார். குடையும் கையுமாகப் பால் ப்ரை பீங்கான் பொம்மையானார், மதுக்கடைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் பெயரானார். இன்று நாடகம் மறைந்துவிட்டது. அவரை அறிந்தவர்களும் குறைவு.

கடல் தாண்டிய இடங்களிலும் சொற்கள் முளைத்தன. அடுத்தவர் விஷயத்தை வேவு பார்ப்பதைக் குறிக்கும் 'ஸ்னூப்' அமெரிக்கா தந்தது. தின்பண்டத்தை யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்வதைக் குறித்த டச்சுச் சொல் அதன் மூலம். கழுத்தை ரப்பராக நீட்டி வேடிக்கை பார்ப்பவர் 'ரப்பர்நெக்'. அதுவும் அமெரிக்கச் சரக்கு. சாலை விபத்தைப் பார்க்க வண்டியின் வேகத்தைக் குறைப்பவர்களை இன்றும் அப்படித்தான் திட்டுகிறார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு மூக்கு போதவில்லை. அங்கே வம்பர் 'ஸ்டிக்கிபீக்', அதாவது அலகை நீட்டுபவர்.

இவர்கள் நடுவே, அறியும் ஆர்வம் உள்ளவரைக் குறிக்கும் 'க்யூரியஸ்' மட்டும் மரியாதையாக நடமாடுகிறது. அதன் பூர்வீகமும் அப்படியொன்றும் சுத்தமில்லை. அக்கறை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் பிற்கால ரோமப் பேரரசில் 'கியூரியோஸி' என்பவர்கள் மாகாணங்களில் சுற்றி அரசுக்குத் தகவல் சேர்த்த அதிகாரிகள், பச்சையாகச் சொன்னால் ஒற்றர்கள். புனித அகஸ்டின் தம் சுயசரிதையில் இந்தக் குணத்தைக் கண்ணின் இச்சையோடு சேர்த்துப் பாவமாகவே எழுதினார். 17-ஆம் நூற்றாண்டில் தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் வந்து, 1660-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் தொடங்கி, துருவிப் பார்ப்பது கனவான்களின் வேலையான பிறகே சொல்லுக்கு நல்ல காலம் பிறந்தது. வானத்தைத் துருவினால் அறிஞர், அடுத்த வீட்டைத் துருவினால் வம்பர் என்று ஆயிற்று.

ஆர்வம் பூனையைக் கொன்றது என்ற ஆங்கிலப் பழமொழியும் நடுவில் தடம் மாறியதுதான். ஷேக்ஸ்பியர் காலத்தில் அந்தப் பூனை செத்தது கவலையால். 19-ஆம் நூற்றாண்டில்தான் பழி ஆர்வத்தின்மேல் விழுந்தது.

சிங்கப்பூர் ஆங்கிலத்திலோ இவை எதுவும் எடுபடாது. அங்கே வம்பருக்கு 'கேபோ' என்று பெயர், ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் அது புரியும்.